தலையணையில் கேட்டது

உலகம்மாள் டாக்டரிடம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முதல் பாடம் தலையணையில்தான்.

மேற்கே மலை. மலைக்கு மேல் மேகம். மேகத்துக்குக் கீழே நனைந்த ஓட்டுக்கூரையோடு ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவில் அது எங்கே இருக்கிறது என்று யாரும் பஸ் ஏறிப் போய்த் தேட வேண்டாம். கதையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

அது சாரல் மாதம். நடுப்பகலிலேயே விளக்குப் போட வேண்டிய இருட்டு. கணவாய் வழியாக வருகிற காற்று ஒவ்வொரு ஜன்னலாகத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகும். உள்ளே படுத்திருக்கிற பெண்கள், யாரோ வந்துவிட்டார்கள் என்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் படுப்பார்கள்.

ஜெபரூபி, கூப்பிடுகிறவர்களுக்கு ஜெபா, அங்கே வந்தது அப்போதுதான். நாசரேத் பக்கத்துப் பெண். பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பு. ஊரில் யாராவது "என்னம்மா படிக்கிற, டாக்டருக்கா நர்ஸுக்கா?" என்று கேட்டால் "ரெண்டும் இல்ல" என்பாள். "அப்ப கம்பவுண்டரா?" என்பார்கள். டாக்டர் கூடவே நின்று, நோயாளியைச் சோதித்து, கேட்டு, எழுதி, டாக்டரிடம் சொல்கிற வேலை என்று அவள் விளக்கி முடிப்பதற்குள் கேட்டவர் பாதித் தெரு போயிருப்பார். பாவம், அந்தப் படிப்பின் ராசி அப்படி.

மற்ற வார்டுகளில் பயிற்சி முடித்துவிட்டு, பெண்கள் வார்டுக்கு ஒரு சின்னக் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். டாக்டர் ஒரு காலிக் கட்டிலைக் காட்டினார். கட்டிலில் ஒரு தலையணை. டாக்டர் கையில் ஒரு மரக்குழல். ஒரு முனை புனல் மாதிரி விரிந்திருந்தது. மறுமுனை காது வைக்கத் தட்டையாக இருந்தது. பலர் கை பட்டுக் கறுத்துப் போயிருந்தது.

"வயித்துப் பிள்ளையோட நெஞ்சுத் துடிப்பைக் கேக்குற குழல். மெஷின் இருக்கு. ஆனா இந்த மாசம் முழுக்க நீங்க அதைத் தொடக் கூடாது. முதல்ல காது பழகட்டும்," என்றார்.

பிறகு குழலின் விரிந்த முனையைத் தலையணை மேல் வைத்தார். "கேளுங்க."

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். முதல் பெண் குனிந்து காதை வைத்தாள்.

"என்ன கேக்குது?"

"ஒண்ணும் கேக்கல மேடம்."

அடுத்தவள். "ஒண்ணும் கேக்கல மேடம்." அதற்கடுத்தவளும் அதையேதான் சொன்னாள்.

ஜெபா குனிந்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் காதை வைத்தாள். முதலில் காற்றுச் சத்தம். அப்புறம், எங்கேயோ சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ துணி துவைக்கிற மாதிரி, தப், தப், தப். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிமிர்ந்து மற்றவர்களைப் பார்த்தாள். எல்லோரும் சிரிக்கத் தயாராக நின்றார்கள்.

"ஒண்ணும் கேக்கல மேடம்," என்றாள்.

டாக்டர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். "சரி," என்றார்.

இரண்டாவது பாடம் எல்லோருக்கும் புரிந்தது. "குழல்ல காதை வைக்கும்போது ஒரு கை அம்மாவோட மணிக்கட்டுல இருக்கணும். கையில அடிக்கிற நாடியும் காதுல கேக்குற துடிப்பும் ஒண்ணா இருந்தா நீங்க கேக்குறது அம்மாவை. வேற வேறயா இருந்தா மேலே யோசிக்கலாம்."

"வேற ஏதாவது கவனிக்கணுமா மேடம்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"அதை நீங்கதான் எனக்குச் சொல்லணும்," என்றார் டாக்டர். யாருக்கும் சொல்ல ஒன்றும் இல்லை. பாடம் முடிந்தது.

வேலை இல்லாத நேரத்தில் குழல் வார்டு ஜன்னல் திட்டில் கிடக்கும். காற்று சரியான பக்கத்திலிருந்து வந்தால் அது தானாக ஊதும். ஊமை முனகுகிற மாதிரி ஒரு சத்தம். பயிற்சிப் பெண்கள் பட்டப்பகலிலேயே அதை எடுத்து வரத் தனியாகப் போக மாட்டார்கள். "உன்னையத்தான் கூப்பிடுது, போ" என்று ஒருத்தியை ஒருத்தி தள்ளிவிடுவார்கள்.

ஜெபா மட்டும் போவாள். சும்மா சொல்லக் கூடாது, அவளுக்குக் காது நன்றாக வாய்த்திருந்தது. பிள்ளையின் முதுகு எந்தப் பக்கம் என்று தடவிப் பார்த்து, குழலை அங்கே வைத்தால் ஒரே தடவையில் பிடித்துவிடுவாள். "அந்தக் கண்ணாடி போட்ட பிள்ளையை வரச் சொல்லுங்க" என்று வயிற்றுப்பிள்ளைக்காரிகள் கேட்டு வாங்குகிற அளவுக்குப் பேர் எடுத்துவிட்டாள். பேர் எடுத்தால் யாருக்குத்தான் பிடிக்காது? அவளுக்கும் பிடித்திருந்தது.

முப்பிடாதி வந்த அன்று காலையில் டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். கீழே புறநோயாளிகள் பக்கம் நின்றுகொண்டிருந்த ஜெபாவுக்கு ஆள் வந்தது. சீக்கிரம் மேலே வா, ஒருத்தி பயந்துபோய் வந்திருக்கிறாள் என்று. ஜெபா படிகளைத் தாவித் தாவி ஏறி ஓடினாள்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் கடையநல்லூர்ப் பக்கம் பீடி சுற்றுகிறவள். நிறைமாதத்துக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. பக்கத்தில் ஒரு வயர்கூடை. கூட யாரும் இல்லை. அவளுடைய விரல்கள் மட்டும் மடியில் இல்லாத இலையைச் சுற்றிக்கொண்டே இருந்தன.

"நேத்துல இருந்து தண்ணி கசியுது," என்றாள். "பிள்ளகிட்ட ஒரு அனக்கமும் இல்ல. எங்க வீட்டு அவிய கொல்லத்துல வேலையா இருக்காவ. வந்துட்டுதான் இருக்காவ. ஏற்கெனவே ரெண்டு தங்காமப் போச்சு தங்கச்சி. இது இருக்கான்னு பாரு."

ஜெபாவுக்கு ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. அதோடு இந்தப் பேச்சு வேறு. கடவுளே, இருக்கட்டும், இருக்கட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே முப்பிடாதியைப் படுக்க வைத்தாள். வயிற்றைத் தடவிப் பார்த்தாள். குழலை வைத்தாள். ஒரு கையால் முப்பிடாதியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்றுமில்லை. கொஞ்சம் நகர்த்தினாள். ஒன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

கேட்டது. சன்னமாக, வேகமாக, ஓட்டமாக. மணிக்கட்டில் நாடி நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது. இரண்டும் வேறு வேறு. சந்தேகமே இல்லை.

"இருக்கு அக்கா!" என்றாள் ஜெபா. சந்தோஷத்தில் குரல் உடைந்தது. "ஓட்டமா ஓடுறான்."

முப்பிடாதியின் விரல்கள் நின்றன. அவள் ஜெபாவின் கையைப் பிடித்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள். அந்தக் கை நனைந்தது. "எங்க ஓடுதானாம்?" என்று சிரித்தாள். "ஓடட்டும், ஓடட்டும். அவிய அப்பா வரதுக்குள்ள எங்க ஓடிருவான்?" கூடையிலிருந்து ஒரு முறுக்குப் பொட்டலத்தை எடுத்து ஜெபா கையில் திணித்தாள்.

டாக்டர் தியேட்டரிலிருந்து நேராக அங்கேதான் வந்தார். குழலை வாங்கினார். குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை. குழல் வயிற்றில் ஒவ்வொரு இடமாக நகர்ந்தது. நிமிர்ந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "ஸ்கேன் ரூமுக்குக் கூட்டிட்டு வாங்க," என்றார்.

திரையில் எல்லாம் இருந்தது. தலை இருந்தது. மணிமணியாக முதுகெலும்பு இருந்தது. மடக்கிய கை இருந்தது. நெஞ்சில் மினுங்க வேண்டியது மட்டும் மினுங்காமல் இருந்தது.

டாக்டர் முப்பிடாதியின் பக்கத்தில் உட்கார்ந்தார். கையைப் பிடித்துக்கொண்டார். சுற்றி வளைக்கவில்லை. "முப்பிடாதி, பிள்ளை உயிரோட இல்லம்மா."

முப்பிடாதி கையை இழுத்துக்கொண்டாள். "அந்தப் பிள்ள கேட்டுச்சே."

"நானும் பார்த்துட்டேம்மா. ஸ்கேன்லயும் பார்த்தாச்சு."

"மெஷினுக்குக் காது இருக்கா? அந்தப் பிள்ள காதை வச்சுக் கேட்டுச்சு. ஓடுதான்னு சொல்லிச்சு. நான் யாரை நம்பட்டும்?" அவள் சேலையை இழுத்து வயிற்றை மூடினாள். "ஊசியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அவன் வர நேரத்துக்கு வருவான். என்னைத் தொடாதீங்க."

யார் சொல்லியும் கேட்கவில்லை. மதியத்துக்குள் அவளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

டாக்டர் ஜெபாவைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். "தண்ணி உடைஞ்சு நேரமாச்சு. உள்ள விஷம் ஏற ஆரம்பிச்சிருச்சு. இன்னைக்கே பிரசவம் ஆகணும். ஆகலேன்னா இவளும் போயிருவா."

"நான் கேட்டேன் மேடம்."

"ம்."

"நாடியைப் பிடிச்சுக்கிட்டுதான் கேட்டேன். நாடி வேற, சத்தம் வேற. நீங்க சொன்ன மாதிரியே பார்த்தேன் மேடம்."

"ம்."

"மெஷின் தப்பா இருக்கக் கூடாதா மேடம்?"

டாக்டருக்குக் கோபம் வரும் என்று ஜெபா நினைத்தாள். வரவில்லை. "போய் இன்னொரு தடவை கேட்டுட்டு வா," என்றார்.

முப்பிடாதி அவளைப் பார்த்ததும் சேலையை விலக்கிவிட்டாள். "நீ கேளு. அவங்களுக்குக் கேக்கலயாம்." வயிறு காய்ச்சலில் சுட்டது. வெளியே காற்று ஏறிக்கொண்டிருந்தது. எங்கேயோ ஒரு கதவு அடித்துச் சாத்தியது.

ஜெபா காதை வைத்தாள்.

கேட்டது. இந்த முறை தேடவே வேண்டியிருக்கவில்லை. காலையில் கேட்டதைவிடச் சத்தமாக, இன்னும் வேகமாக. திரையில் அசையாமல் கிடந்தானே, அவன் உள்ளே ஓடிக்கொண்டிருந்தான். யாரோ துரத்துகிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தான்.

"கேக்குதா?" என்றாள் முப்பிடாதி.

ஜெபா நிமிர்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்து முப்பிடாதியே பதிலை எடுத்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும்," என்று வயிற்றைத் தட்டிக்கொடுத்தாள். "எனக்குத் தெரியும்டா."

ஜெபா குழலும் கையுமாக வெளியே வந்தாள்.

"கேக்குது மேடம். முன்னைவிட வேகமாக் கேக்குது." அவள் குழலைத் தன்னைவிட்டுத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். "செத்துப்போன பிள்ளைக்குத் துடிக்குமா மேடம்?"

டாக்டர் "வா," என்று முன்னால் நடந்தார்.

வார்டின் கடைசியில் ஒரு கட்டில் காலியாகக் கிடந்தது. காலையில்தான் வெள்ளை விரிப்பு மாற்றியிருந்தார்கள். டாக்டர் குழலை வாங்கி மெத்தையின் நடுவில் நிறுத்தினார்.

"கேளு."

"காலிக் கட்டில் மேடம்."

"கேளு."

ஜெபா முழங்கால் போட்டுக் காதை வைத்தாள். முதலில் காற்று. அப்புறம் தப், தப், தப், தப். அதே ஓட்டம். அதே பிள்ளை. அவள் "யம்மா!" என்று கத்திக்கொண்டு பின்னால் விழுந்தாள். குழல் உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது.

டாக்டர் குனிந்து அதை எடுத்தார். "கேட்டுச்சா?"

"கே... கேட்டுச்சு மேடம்."

"கட்டிலுக்கு எத்தனை மாசம்?"

ஜெபா வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் விடவில்லை. குழலைச் சுவரில் வைத்தார். சுவருக்குள் ஓடியது. கதவில் வைத்தார். கதவுக்குள் ஓடியது. மருந்து அலமாரியிலும் ஓடியது. ஆஸ்பத்திரியே பிள்ளைத்தாய்ச்சியாகி, மூலைக்கு மூலை அவனைச் சுமந்துகொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. ஜெபாவுக்கு அழுகை வந்துவிட்டது. "போதும் மேடம், போதும். இது என்னது மேடம்?"

டாக்டர் அவளுடைய வலது கையைப் பிடித்தார். இரண்டு விரலை நீட்டி, அவளுடைய கழுத்தின் பக்கவாட்டில் வைத்து அழுத்தினார். அப்படியே அவள் தலையைக் குழலோடு சேர்த்துச் சுவரில் சாய்த்தார்.

விரலுக்கு அடியில் தப். காதில் தப். விரலில் தப். காதில் தப்.

சுவரிலும் கதவிலும் கட்டிலிலும் ஓடிக்கொண்டிருந்தவன் யார் என்று ஜெபாவுக்குத் தெரிந்துவிட்டது. முப்பிடாதியின் வயிற்றில் ஓடிக்கொண்டிருந்தவனும்தான்.

"அன்னைக்குத் தலையணையில என்ன கேட்டுச்சு?" என்றார் டாக்டர்.

"...கேட்டுச்சு மேடம். இதேதான்."

"ஏன் சொல்லல?"

"தலையணையில எப்படிக் கேக்கும்னு... எல்லாரும் இல்லன்னு சொன்னாங்க. சிரிப்பாங்களேன்னு..."

"எல்லாருக்கும்தான் கேட்டுது," என்றார் டாக்டர். "தலையணைகிட்ட இல்லன்னு சொன்ன. முப்பிடாதிகிட்ட இருக்குன்னு சொன்ன. ரெண்டுலயும் சத்தம் ஒண்ணுதான்."

ஜெபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்களே போய் அவங்ககிட்டச் சொல்லிருங்க மேடம். எனக்கு அந்த முகத்தைப் பார்க்கத் தெம்பு இல்ல."

"நான் சொல்லிப் பார்த்துட்டேன். என் பேச்சு அவளுக்குள்ள போகல. பிள்ளையை உள்ள வச்சது நீ. நீதான் எடுக்கணும்."

"அவங்க தாங்குவாங்களா மேடம்?"

"அதைக் கேட்டுக்கிட்டு நிக்க நேரம் இல்ல. காய்ச்சல் ஏறிட்டிருக்கு."

வார்டுக்குள் போகிற அந்தக் கொஞ்ச தூரம் ஜெபாவுக்குப் பெரிய தூரமாக இருந்தது. முப்பிடாதி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முகம் சிவந்திருந்தது. வயிற்றைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஜெபாவைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

"அவியகிட்டப் போன்ல பேசிட்டேன். புனலூர் தாண்டிட்டாவளாம்."

ஜெபா கட்டில் பக்கத்தில் தரையில் முழங்கால் போட்டாள். "அக்கா, உங்க கையைக் குடுங்க."

முப்பிடாதி கொடுத்தாள். பீடி இலை அறுத்து அறுத்துக் காய்த்துப்போன விரல்கள். ஜெபா அதில் இரண்டை எடுத்துத் தன் கழுத்தில் வைத்தாள்.

"காலையில நான் கேட்டது இதுதான் அக்கா."

முப்பிடாதிக்கு விளங்கவில்லை. "என்னது?"

"இதுதான். என்னோட துடிப்பு. அதைத்தான் உங்க பிள்ளைன்னு நினைச்சுட்டேன். இப்ப திரும்ப வந்து கேட்டப்பவும் இதுதான் கேட்டுச்சு."

காற்று ஜன்னலைத் தட்டியது. முப்பிடாதி திரும்பிப் பார்க்கவில்லை. ஜெபா அடிக்காகக் காத்திருந்தாள். அடித்திருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"இது உன்னோடதா?" என்றாள் முப்பிடாதி.

"ஆமாக்கா."

"இந்த ஓட்டம் ஓடுது?"

"பயமா இருந்துச்சு."

"எதுக்கு?"

"இல்லன்னு ஆயிருமோன்னு."

முப்பிடாதி விரலை எடுக்கவில்லை. எடுக்க மறந்துவிட்டவள் மாதிரி அந்தக் கழுத்திலேயே வைத்திருந்தாள். துடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, நிதானத்துக்கு வருகிறவரை வைத்திருந்தாள்.

"அப்ப அவன்?"

"இல்லக்கா."

"இல்லயா?"

"இல்லக்கா. என்னை மன்னிச்சிருங்க."

"அவன்கூடப் பேசிக்கிட்டே இருந்தேனே," என்றாள் முப்பிடாதி. குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. "காலையில இருந்து பேசிக்கிட்டே இருக்கேன். கேட்டுக்கிட்டிருக்கான்னுல்லா நினைச்சேன்."

அப்புறம்தான் அழுதாள். பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்கள் தங்கள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டார்கள். அழுது ஓய்ந்ததும் முப்பிடாதி முழங்கைக்கு மேல் ஜாக்கெட்டை ஏற்றிவிட்டு, டிரிப்ஸ் போடச் சொல்லித் தானே கையை நீட்டினாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் பிள்ளை பிறந்தான். பிரசவ அறையில் அப்படி ஒரு அமைதியை ஜெபா அதுவரை கண்டதில்லை. எல்லோரும் ஓர் அழுகைக்காகக் காத்திருந்து பழகிய அறை அது. அன்றைக்கும் பழக்கதோஷத்தில் எல்லோரும் ஒரு நிமிஷம் காத்திருந்தார்கள். ஜெபாவும்தான்.

அவனைத் துடைத்து, துணியில் சுற்றி, முப்பிடாதியின் கையில் கொடுத்தாள். முப்பிடாதி ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தாள். பிறகு ஜெபாவிடம், "அந்தக் குழலைக் கொஞ்சம் தா," என்றாள்.

ஜெபா டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் தலையாட்டினார்.

முப்பிடாதி குழலைப் பிள்ளையின் நெஞ்சில் வைத்தாள். புனல் அந்த நெஞ்சைவிடப் பெரியதாக இருந்தது. காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கேக்குது," என்றாள்.

அவள் கண்ணைத் திறந்தாள். தன் கழுத்தில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தாள். "என்னோடதுதான், என்னா?" என்று ஜெபாவைக் கேட்டாள்.

"ஆமாக்கா," என்றாள் ஜெபா.

முப்பிடாதி குழலைத் திருப்பிக் கொடுத்தாள். கொஞ்ச நாளில் காய்ச்சல் விட்டது. உயிர் தப்பினாள். கொல்லத்திலிருந்து வந்தவர் வயர்கூடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க, அவள் பின்னால் போனாள். வாசலில் நின்று ஜெபாவைத் திரும்பிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு ஜெபா குழலைத் தொடவில்லை. அது ஜன்னல் திட்டில் ஊதும்போதெல்லாம் வேறு பக்கம் போய்விடுவாள். ராத்திரி தலையணையில் காதை வைத்தால் தூக்கம் வராது. உள்ளே ஒருத்தி ஓடிக்கொண்டே இருப்பாள். மல்லாந்து படுத்தே பழகிக்கொண்டாள்.

ஒருநாள் காலையில் டாக்டர் முன்னால் போய் நின்றாள்.

"என்னை வேற வார்டுக்கு அனுப்பிருங்க மேடம். எங்க காதை வச்சாலும் நான்தான் கேக்குறேன்."

"எனக்கும் அப்படித்தான்," என்றார் டாக்டர்.

"உங்களுக்கா?"

"முப்பிடாதி வயித்துலயும் எனக்குக் கேட்டுதே. மெதுவா. கிழவி படி ஏறுற மாதிரி."

"அப்ப எப்படி மேடம் நீங்க..."

டாக்டர் எழுந்தார். ஜன்னல் திட்டுக்குப் போனார். ஊதிக்கொண்டிருந்த குழலைக் கையில் எடுத்ததும் அது அடங்கியது. பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் சோதனைக்காகப் படுத்திருந்தாள். தலைப்பிரசவம். டாக்டர் குழலை ஜெபாவிடம் நீட்டினார்.

ஜெபாவுக்கு வேறு வழி இருக்கவில்லை. குழலை வயிற்றில் நிறுத்தினாள். காதை வைத்தாள். ஒரு கையால் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தாள். இன்னொரு கையின் இரண்டு விரலைத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டாள்.

தப், தப், தப், தப்.

"என்ன கேக்குது?" என்றார் டாக்டர்.

"நான்தான் மேடம்."

படுத்திருந்தவள் பயந்துவிட்டாள். "என்ன டாக்டரம்மா? பிள்ளை இருக்குல்லா? ஏ பிள்ள, சொல்லேன், இருக்குல்லா?"

ஜெபாவுக்கு வாய் வரை வந்துவிட்டது. விழுங்கினாள்.

"இன்னும் தெரியலக்கா," என்றாள். "கொஞ்சம் இருங்க."

தொண்டையில் துடிப்பு இன்னும் ஏறியது. காது முழுக்க அதுதான். வேறு எதுவும் இல்லை. அவள் தலையைத் தூக்கப் பார்த்தாள். டாக்டரின் கை மெதுவாக அவள் தலைமேல் வந்து அமர்ந்தது.

"எடுக்காத."

"நான் மட்டும்தான் மேடம் கேக்குறேன். வேற யாரும் இல்ல."

"நீ அடங்கு. அடங்கினதுக்கு அப்புறம் யார் மிச்சம் இருக்காங்கன்னு கேளு."